சங்கக் கூட்டத்தில் விலை பேசலாமா?

தொழில் சங்கங்களின் பதிவு, தேர்தல், தணிக்கை ஆகியவை குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பதிவையோ தணிக்கையையோ பற்றிக் கேட்கவில்லை. சங்கம் கூடி விலையை முடிவு செய்யலாமா என்றே கேட்டன. எனவே இந்த மாதப் பகுதி முழுவதையும் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்திற்கே ஒதுக்கியிருக்கிறேன். 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2009 மே 20 முதல் நடைமுறையில் இருக்கின்றன என்றாலும், இருபது முப்பது பேர் கொண்ட நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றுக்கு, இப்படி ஒரு சட்டம் இருப்பதே நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது. கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப்பெயர் தவிர்த்த அடையாளங்களை நீக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் எட்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க்காக நிட்டிங் செய்து தருகிறேன். மின்கட்டணமும் ஊசி விலையும் ஏறியதால் எங்கள் சங்கத்தின் பொதுக்குழு கூடி, வரும் ஒன்றாம் தேதி முதல் கிலோவுக்கு இன்ன கூலி என்று தீர்மானம் போட்டிருக்கிறது. அதற்குக் குறைவாக ஓட்டுபவருக்கு அபராதமும் உண்டு. சங்கம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். இது தவறு என்கிறான் என் மகன். ஊரே செய்வது எப்படித் தவறாகும்? - ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செய்த பதிவு, சங்கத்திற்குச் சட்டப்படியான ஓர் இருப்பைத் தருகிறதே தவிர, உறுப்பினர்களின் விலையை நிர்ணயிக்கும் உரிமையைத் தருவதில்லை. ஒரே தொழிலில் இருப்பவர்களோ அவர்களுடைய சங்கமோ, வாங்கும் விலையையோ விற்கும் விலையையோ நேரடியாகவோ மறைமுகமாகவோ கூடி முடிவு செய்தால், அது சந்தையில் போட்டியைப் பாதித்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்கிறது போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. அனுமானம் என்ற சொல்லை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதிப்பு நேர்ந்தது என்று, இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையம் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை; நேரவில்லை என்று நீங்கள்தான் நிரூபித்தாக வேண்டும். விலைக்கு மட்டுமல்லாமல், உற்பத்தியைக் குறைத்துக்கொள்வது, ஏரியாவையோ வாடிக்கையாளரையோ பங்கு போட்டுக்கொள்வது, டெண்டரில் கூட்டுச் சேர்வது ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

"நாங்கள் எழுத்தில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லையே" என்று சொல்லிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருபவர்கள் அதிகம். ஒப்பந்தம் என்பதற்கு இச்சட்டம் தரும் பொருளில், வாய்மொழி ஏற்பாடும், ஒருவருக்கொருவர் இருக்கும் புரிதலும், கூடிச் செயல்படுவதும் அடங்கும். எழுத்தில் இருக்க வேண்டும் என்றோ, நீதிமன்றத்தில் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. உங்கள் விஷயத்தில் அந்த ஆராய்ச்சிக்கே இடமில்லை. தீர்மானப் புத்தகம், வரிசையாகக் கையெழுத்து, குறைத்து ஓட்டியவருக்கு அபராத ரசீது என்று ஆணையம் தேடியலையும் சாட்சியம் முழுவதையும் சங்கமே பைண்டிங் செய்து அலமாரியில் வைத்திருக்கிறது.

ஊரே செய்வது என்கிறீர்கள். பெரிய தொழில்களும் அப்படித்தான் நினைத்தன. சிமென்ட் உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாக விலை, உற்பத்தி விவரங்களைப் பகிர்ந்துகொண்டு கூட்டாகச் செயல்பட்டதாக 2012 ஜூனில் 11 சிமென்ட் நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். அவற்றில் தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்டவையும் உண்டு. விசாரணையைக் கேட்காதவரே உத்தரவில் கையெழுத்திட்டிருந்தார் என்ற நடைமுறைக் குறையால் 2015இல் அந்த உத்தரவு ரத்தாயிற்று. ஆனால் மறுபடியும் விசாரித்து 2016இல் ஆணையம் அபராதம் விதித்தது, 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது, விவகாரம் உச்ச நீதிமன்றத்திற்குப் போயிற்று. டயர் வழக்கும் இதே வகைதான். எம்.ஆர்.எஃப். உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 1,788 கோடி ரூபாய். 2018இல் எழுதப்பட்ட உத்தரவு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கினால் உறையிலேயே கிடந்து 2022 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அந்த உத்தரவை மறுபரிசீலனைக்கென்று அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் ஆணையத்திடமே திருப்பி அனுப்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதைவிட, எத்தனை ஆண்டு வழக்கு நடத்தினார்கள் என்று பாருங்கள். எட்டு மெஷின் வைத்திருப்பவரால் அது ஆகிற காரியமா?

மின்கட்டணம் ஏறியது உண்மை. அதனால் நீங்கள் கூலியை ஏற்றுவதிலும் தவறில்லை. எவ்வளவு ஏற்றுவது என்பதை நீங்கள் தனியாக உட்கார்ந்து, உங்கள் கணக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. கடன் அடைந்துபோன பழைய மெஷின் வைத்திருப்பவருக்கும், போன வருடம் தவணையில் புது மெஷின் இறக்கியவருக்கும் அடக்கவிலை ஒன்றாக இருக்க முடியாது. அப்படியிருக்க இருவரும் ஒரே கூலி கேட்டால், அது அடக்கவிலையிலிருந்து பிறந்த கூலி அல்ல என்பது ஆணையத்திற்குத் தெரியும்.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிட வேண்டும். கூலி என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். பனியன் கம்பெனி உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிப் போடும் ஊதிய உடன்பாடு தொழிலாளர் சட்டங்களின் கீழ் வருவது. அதை இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் பேசுவது ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் வாங்கும் ஜாப் ஒர்க் கட்டணம், அதாவது விலை. இரண்டாவது, ஏற்றுமதி. ஏற்றுமதிக்காக மட்டுமே செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 3ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு விலக்குத் தருகிறது என்பதைக் கேள்விப்பட்டு, திருப்பூரில் எல்லாமே ஏற்றுமதிதானே என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சங்கத் தீர்மானம் உள்நாட்டு பனியன் கம்பெனிகளுக்கு ஓட்டுவதையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அந்த நிமிடமே "மட்டுமே" என்ற நிபந்தனை உடைந்துவிடுகிறது. அந்த விலக்கை நம்பி ஒரு தீர்மானத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தரமாட்டேன்.

சங்கமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அரசுக்கு மனுக் கொடுக்கலாம், ஜி.எஸ்.டி. சிக்கலுக்கு அதிகாரிகளைப் பார்க்கலாம், பயிற்சி நடத்தலாம், பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசலாம். கூலி, தள்ளுபடி, பேமென்ட் தவணை, யார் யாருக்கு ஓட்டுவது என்ற நான்கும் பேச்சில் தலைகாட்டினால் எழுந்துவிட வேண்டும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, சங்கச் செயலாளருக்குத் தேதியிட்ட ஒரு கடிதம் எழுதுவது. பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "கூலி குறித்த தீர்மானத்திற்கு நான் அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். என் கட்டணத்தை நானே முடிவு செய்வேன். இக்கடிதத்தை அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யக் கோருகிறேன்." இந்த மூன்று வாக்கியங்கள் போதும், காரணம் விளக்க வேண்டியதில்லை. பிறகு உங்கள் சொந்த அடக்கவிலைக் கணக்கை ஒரு தாளில் போட்டு, தேதி எழுதி, கோப்பில் வையுங்கள். கடிதத்தை அனுப்பிவிட்டு அதே கூலியையே வாங்கிக்கொண்டிருந்தால், கடிதத்தால் பயனில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் எல்லா டீக்கடைகளிலும் ஒரே நாளில் டீ 12 ரூபாயிலிருந்து 15 ரூபாய் ஆகிவிட்டது. புகார் செய்யலாமா? - ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: விலை ஒன்றுபோல ஏறியது என்பது மட்டுமே சாட்சியமாகாது. பால் விலை ஒரே நாளில் எல்லாருக்கும் ஏறினால் டீயும் ஏறத்தான் செய்யும். பக்கத்துக் கடைக்காரர் போர்டில் 15 என்று எழுதியதைப் பார்த்து இவரும் எழுதினால் அதற்குப் பெயர் கூட்டுச்சதி அல்ல. ஆனால் எல்லாக் கடைகளிலும் ஒரே அச்சகத்தில் அடித்த, சங்கத்தின் பெயர் போட்ட விலைப்பட்டியல் தொங்கினால் கதை வேறு. புகார் செய்ய நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஓலா, உபர் கட்டணம் தொடர்பான வழக்கில், யார் வேண்டுமானாலும் ஆணையத்திற்குத் தகவல் தரலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வழக்கைப் போட்டவருக்குக் கடைசியில் வெற்றி கிட்டவில்லை என்பது வேறு விஷயம். ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. ஒரு டீக்கு மூன்று ரூபாய்க்காக அங்கே போகலாமா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

கேள்வி: நண்பர் ஒருவர் நகராட்சி டெண்டருக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று சொல்லி, என் லெட்டர்ஹெட்டில் கொஞ்சம் கூடுதல் விலை போட்டு ஒன்று தரச் சொல்கிறார். எனக்கு அந்த வேலையில் ஈடுபாடும் இல்லை, ஒரு ரூபாய் லாபமும் இல்லை. உதவிதானே? - ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டம்மி கொட்டேஷன் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இது, சட்டத்தின் மொழியில் ஏலக்கூட்டு. லாபம் இல்லாமல் செய்தேன் என்பது அபராதத்தின் அளவைப் பற்றிப் பேசும்போது உதவலாம். தவறே செய்யவில்லை என்பதற்கு உதவாது.

புனே மாநகராட்சியின் திடக்கழிவு மேலாண்மை டெண்டர்களில் ஏறக்குறைய உங்கள் நிலையில் சிலர் இருந்தார்கள். வேறு தொழில் செய்துகொண்டிருந்தவர்கள், தெரிந்தவருக்காகத் தங்கள் ஆவணங்களைக் கொடுத்து டெண்டரில் பெயருக்குக் கலந்துகொண்டார்கள். நாங்கள் இந்தத் தொழிலிலேயே இல்லை, எங்களை எப்படிப் போட்டியாளர் என்று சொல்லலாம் என்பது அவர்களுடைய வாதம். டெண்டர் போட்ட மாத்திரத்தில் நீங்கள் அந்தத் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள் என்று கூறி, 2018இல் ஆணையம் அவர்களுக்கும் அபராதம் விதித்தது. 2023இல் வந்த திருத்தம் இதை இன்னும் இறுக்கிவிட்டது: தானே அந்தத் தொழிலில் இல்லாதவரும், கூட்டுக்கு உதவியாக நின்றால் அதில் ஒருவராகவே கருதப்படுவார்.

மாட்டிக்கொள்வது எப்படி என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அற்ப விஷயங்களில்தான். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து பதிவேற்றியதால் மூன்று டெண்டருக்கும் ஒரே ஐபி முகவரி. ஒரே வங்கியில் ஒரே நாளில் எடுத்ததால் அடுத்தடுத்த எண் கொண்ட டி.டி.; எல்லாவற்றையும் ஒருவரே தட்டச்சு செய்ததால் மூன்று கடிதத்திலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. இவற்றைத் தேடச் சொல்லி டெண்டர் விடும் அதிகாரிகளுக்கு இப்போது பயிற்சியே தருகிறார்கள்.

விலை ஒன்றாக இருந்தாலே தண்டனை என்பதும் சரியல்ல. இந்திய உணவுக் கழகம் தானியக் கிடங்குகளுக்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வாங்க 2009இல் டெண்டர் விட்டபோது மூன்று நிறுவனங்களும் கிலோவுக்கு 388 ரூபாய் என்று எழுதியிருந்தன. தற்செயல் என்ற விளக்கம் எடுபடவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றமும் கூட்டு இருந்ததை ஏற்றது. ஆனால் சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கில், வாங்குவதே அரசு எண்ணெய் நிறுவனங்கள் மூன்றுதான், விலையை ஊகிக்க எல்லாருக்கும் ஒரே தகவல்தான் இருக்கிறது என்ற சூழலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒத்த விலைகளையும் டெண்டருக்கு முந்தைய நாள் நடந்த கூட்டத்தையும் வைத்துக்கொண்டு மட்டும் கூட்டு என்று முடிவு கட்ட முடியாது என 2018 அக்டோபரில் அதே உச்ச நீதிமன்றம் நிறுவனங்களை விடுவித்தது. இந்த இரண்டாவது தீர்ப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் தெம்பாக வருபவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் நண்பர் உங்களிடம் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஆதாரம் இருக்கும்போது சந்தைச் சூழலைப் பற்றி வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதே.

நண்பரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே இருவரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்ய விரும்பினால், டெண்டர் நிபந்தனை இடம் தரும் பட்சத்தில், கூட்டு முயற்சி என்று வெளிப்படையாக அறிவித்து ஒரே டெண்டராகப் போடலாம். அதில் ஒளிவுமறைவு இல்லை, தடையும் இல்லை.

கேள்வி: ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வியாபாரம் செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. இதெல்லாம் கார்ப்பரேட்டுகளுக்கான சட்டம்தானே? - ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அல்ல. சொத்து மதிப்பு, விற்றுமுதல் வரம்புகள் எல்லாம் நிறுவனங்களின் இணைப்புக்கும் கையகப்படுத்தலுக்கும் உரியவை. விலைக்கூட்டுக்குக் கீழ்வரம்பு கிடையாது.

கணக்கு இப்படி வரும். கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும், அந்த ஆண்டு லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். உங்கள் லாபம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மடங்கு 36 லட்சம். விற்றுமுதலில் 10 சதவீதம் 30 லட்சம். ஆக, ஆண்டுக்கு 36 லட்சம், கூட்டு நான்கு ஆண்டு நீடித்திருந்தால் 1 கோடியே 44 லட்சம். இது உச்சவரம்பு. நடைமுறையில், 2024 மார்ச்சில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, சம்பந்தப்பட்ட பொருளின் சராசரி விற்றுமுதலில் 30 சதவீதம் வரை என்று தொடங்கி, சூழ்நிலைகளைப் பார்த்து ஏற்றியோ இறக்கியோ, இந்த உச்சவரம்புக்குள் தொகையை நிறுத்துவார்கள். பொறுப்பிலிருந்த தனிநபர்களுக்கு அவர்களுடைய வருமானத்தின் அடிப்படையில் தனி அபராதமும் உண்டு. மேல்முறையீட்டுக்குப் போவதென்றால் விதித்த தொகையில் 25 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

சிறு நிறுவனங்களிடம் ஆணையம் இரக்கம் காட்டியதும் உண்டு. ரயில்வேக்கு பிரேக் பிளாக் வழங்கிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தது உறுதியான பிறகும், அவற்றுள் பல சிறு, குறு நிறுவனங்கள் என்பதையும், அவை ஒத்துழைத்ததையும், கொரோனா கால நெருக்கடியையும் கருதி, 2020 ஜூலையில் அபராதமின்றி எச்சரித்து விட்டார்கள். அதைத் திட்டமாக வைத்துத் தொழில் நடத்த முடியாது.

கேள்வி: ஒரு பெரிய கம்பெனியின் மதுரை டிஸ்ட்ரிபியூட்டர் நான். குறிப்பிட்ட விலைக்குக் கீழே கடைகளுக்குக் கொடுக்கக் கூடாது, பக்கத்து மாவட்டத்தில் விற்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள். மீறினால் சப்ளை நின்றுவிடும் என்று சேல்ஸ் மேனேஜர் சொல்கிறார். - ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையில் இருப்பது மேலிருந்து கீழ் நோக்கிய உறவு. திருப்பூர் வாசகருக்குச் சொன்னேனே, போட்டி பாதிக்கப்பட்டதாகவே கொள்ளும் அந்த அனுமானம் இங்கே இல்லை. நிபந்தனையால் போட்டிக்கு உண்மையிலேயே கணிசமான கெடுதல் நேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் தவறென்று சொல்ல முடியும். ஏரியா பிரித்துக் கொடுப்பதற்கு நியாயமான வணிகக் காரணங்கள் பல இருக்கலாம். சந்தையில் சிறு பங்கு மட்டுமே உள்ள கம்பெனி அப்படிச் செய்வதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. விலைக்குக் கீழ்வரம்பு கட்டுவதுதான் ஆபத்தானது. எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை. அதற்குக் கீழே எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது பொருளை விலை கொடுத்து வாங்கிய உங்கள் விருப்பம்.

டீலர்கள் தள்ளுபடி தருவதைக் கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுசூகி நிறுவனத்திற்கு 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர்போல ஆட்களை ஷோரூம்களுக்கு அனுப்பி, அறிவித்ததற்கு மேல் தள்ளுபடி தருகிறார்களா என்று சோதித்து, தந்தவர்களிடம் அபராதம் வசூலித்ததாக அந்த உத்தரவு விவரிக்கிறது. இதற்கு முன் ஹூண்டாய்க்கு விதித்த 87 கோடி ரூபாய் அபராதத்தை 2018இல் தீர்ப்பாயம் ரத்து செய்தது, ஆணையம் தானாகச் சாட்சியங்களைச் சீர்தூக்கிப் பார்க்கவில்லை என்று சொல்லி. ஆகவே ஒவ்வொரு வழக்கும் சாட்சியத்தைப் பொறுத்தது. சேல்ஸ் மேனேஜர் வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். "விலை குறித்துத் தாங்கள் தொலைபேசியில் கூறியதை உறுதி செய்ய வேண்டுகிறேன்" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல். பல சமயம் பதிலே வராது, நிபந்தனையும் அத்தோடு மறைந்துவிடும். இந்த வகை விவகாரங்களில் கம்பெனி ஆணையத்திடம் சமரசத் தீர்வுக்கு விண்ணப்பிக்கவும் 2024 முதல் வழியுண்டு. விலைக்கூட்டுகளுக்கு அந்த வழி கிடையாது.

கேள்வி: அப்பா காலமான பிறகு கம்பெனியை நான் எடுத்து நடத்துகிறேன். எங்கள் பொருளைத் தயாரிக்கும் நான்கு கம்பெனிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹோட்டலில் சந்தித்து விலை பேசுவது பல வருட வழக்கம் என்று இப்போதுதான் தெரிகிறது. போன மாதக் கூட்டத்துக்கு எங்கள் மேனேஜர் போய்வந்திருக்கிறார். இனி போக மாட்டோம். அது போதுமா? - பெயர், ஊர் வேண்டாம்

பதில்: இனிப் போகாமல் இருப்பது அவசியம், ஆனால் நடந்து முடிந்ததற்கு அது மருந்தாகாது. கம்பெனி என்பது அப்பாவோடு போவதில்லை. போன மாதக் கூட்டம் உங்கள் காலத்திலேயே நடந்திருக்கிறது.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, கூட்டில் இருந்த ஒருவர் தானாக முன்வந்து முழு உண்மையையும் சொன்னால் அபராதத்தை ஆணையம் குறைக்கலாம்: முதலில் வருபவருக்கு 100 சதவீதம் வரை, இரண்டாமவருக்கு 50 சதவீதம் வரை, அதற்குப் பின் வருபவருக்கு 30 சதவீதம் வரை. இந்த மூன்று எண்களுக்கு இடையிலான இடைவெளியைக் கவனியுங்கள். டார்ச் லைட் பேட்டரி தயாரிப்பாளர்கள் வழக்கில் 2018 ஏப்ரலில் நடந்தது இதுதான். முதலில் போய்ச் சொன்ன பானசோனிக்குக்கு முழு விலக்கு கிடைத்தது. அடுத்து வந்த எவரெடிக்கு 30 சதவீதம் குறைத்தும் 171.55 கோடி ரூபாய். சென்னையைச் சேர்ந்த நிப்போவுக்கு 20 சதவீதம் குறைத்தும் 42.26 கோடி ரூபாய். பீர் நிறுவனங்கள் மீதான 2021ஆம் ஆண்டு உத்தரவிலும் முதலில் வந்தவர் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை, மற்றவர்கள் கட்ட வேண்டிய மொத்தம் 873 கோடி ரூபாயாக இருந்தது.

முழு விண்ணப்பம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கென உள்ள அதிகாரியைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தொடர்புகொண்டு வரிசையில் இடம்பிடித்துவிட்டு, அவர்கள் தரும் குறுகிய அவகாசத்திற்குள் ஆவணங்களைக் கொடுக்கலாம். உங்கள் அடையாளத்தை இரகசியமாக வைத்திருப்பார்கள். விசாரணை அறிக்கை ஆணையத்தின் கைக்குப் போன பிறகு இந்தக் கதவு மூடிவிடும். மற்ற மூன்று கம்பெனிகளிலும் உங்களைப்போல அடுத்த தலைமுறையினர் இருக்கலாம், அவர்களும் இதே கேள்வியை ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு, தொழில்முறை வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். அவரிடம் நீங்கள் சொல்வதற்கு இரகசியப் பாதுகாப்பு உண்டு; கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அலுவலரிடம் எழுதிக் கேட்பது அதே பாதுகாப்பைத் தராது. மேனேஜரை இப்போது வேலையைவிட்டு அனுப்ப வேண்டாம். ஹோட்டல் பில், அவருடைய டைரி, அவருடைய வாய்மொழி ஆகியவை இல்லாமல் உங்கள் விண்ணப்பத்தில் சரக்கு இருக்காது.

கேள்வி: எங்கள் கம்பெனிக்குப் போட்டி ஆணையத்திலிருந்து ரெய்டு வந்தால் கணக்காளரான நான் என்ன செய்வது? வாட்ஸ்அப்பை அழித்துவிடச் சொல்கிறார் முதலாளி. - ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அழிக்காதீர்கள். அழித்ததை மீட்கும் கருவிகளோடுதான் அவர்கள் வருவார்கள். இல்லாத தவறுக்கும் அழித்த செயல் சாட்சியாகிவிடும். விசாரணைத் தலைமை இயக்குநரின் அதிகாரிகள் டெல்லியிலுள்ள தலைமைப் பெருநகர நடுவரிடம் பெற்ற வாரண்டோடு வர வேண்டும். அதை வாங்கிப் படித்துப் பாருங்கள், முகவரி சரியா என்று பாருங்கள், வழக்கறிஞருக்குத் தகவல் சொல்லுங்கள், ஆனால் அவர் வரும்வரை கதவைச் சாத்தி வைக்காதீர்கள். கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம். எடுத்துச் செல்லும் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போட்டு, ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளி அழிக்கச் சொன்னதை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மறுபடி அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். பெரும்பாலும் காலை வணக்கம்தான் வரும். போன வாரம் ஒருவர் தன் புதிய விலைப்பட்டியலைப் போட்டு, எல்லாரும் இதையே பின்பற்றலாம் என்று எழுதினார். நான் பதில் எதுவும் போடவில்லை. வாடிக்கையாளர் ஒருவரும் அதே பட்டியலை எனக்கு அனுப்பியிருக்கிறார். - ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். "அவர் இந்த விலைக்குத் தருகிறார், நீங்கள் எவ்வளவுக்குத் தருவீர்கள்" என்று வாடிக்கையாளர் காட்டும் பட்டியல் பேரத்தின் ஒரு பகுதி. அதைப் பார்த்து நீங்கள் விலையைக் குறைத்தால் அதுதான் போட்டி. அந்தத் தாளின் மூலையில், யார் எந்தத் தேதியில் தந்தார் என்று எழுதி வையுங்கள். போட்டியாளரே நேரடியாக அனுப்புவது அப்படியல்ல. நீங்கள் பதில் போடவில்லை என்கிறீர்கள். ஆனால் இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, அடுத்த வாரம் உங்கள் விலையும் அந்த அளவுக்கு வந்தால், படித்துவிட்டுப் பின்பற்றினார் என்று ஆணையம் சொல்வதை மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? பேசாமல் இருந்தது சம்மதமாகவே படிக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

இன்றே குழுவில் இப்படி எழுதுங்கள்: "விலை பற்றிய தகவலை இங்கே பகிர்வதை நான் ஏற்கவில்லை. என் விலையை நான் தனியாகவே முடிவு செய்கிறேன். குழுவிலிருந்து விலகுகிறேன்." அதையும், அதற்கு மேலே இருக்கும் பட்டியலையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு வெளியேறுங்கள். வரிசை மாறினால், வெளியேறிய பின் நீங்கள் எழுதியதைக் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காமல் போகலாம்.